மேஜைக்கு அடியில் நீ

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரில் இருக்கிற எழுத்துப் பிழையையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டி என் உயிரை வாங்குகிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான், "போன்ல பேசினா நீ அழுதே முடிச்சிடுவ" என்றார்.

டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, என்ன வேலை என்று சொல்லவில்லை. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் விளையாடுகிற வீடியோக்களைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது பிள்ளை திரும்பியதா, விரல் நீட்டி எதையாவது காட்டியதா என்று விநாடி வாரியாகக் குறிக்க வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்கிறது, டீப் லேர்னிங் என்கிறார்கள். ஆட்டிசம் இருக்குமோ என்று தோன்றுகிற பிள்ளைகளை அது முன்கூட்டியே எடுத்துக் காட்டினால் டாக்டர் சீக்கிரம் பார்க்கலாம். போன மாதம் ஒரு வீடியோவில் ஒரு பெண் குழந்தை டப்பா மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தது. அதன் அம்மா நான்கு தடவை கூப்பிட்டாள், திரும்பவில்லை என்று நான்கு தடவை குறித்தேன். அப்புறம் அவள் கூப்பிடவில்லை, முதுகில் ஒன்று வைத்தாள். வீடியோவை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தேன். விருந்தாளிகள் முன்னால் நீ வாய் திறக்காதபோதெல்லாம் உன் தொடையைக் கிள்ளிய கை அல்லவா இது.

உன் இரண்டாவது பிறந்த நாளுக்குச் சித்தப்பா எடுத்த வீடியோவைத் தேடி எடுத்து, மறுநாள் யாரையும் கேட்காமல் அந்தக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஆட்டிசம் இருக்கலாம் என்று சிவப்புக் குறி போட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டார். "உங்க பொண்ணு வளர்ந்தவங்க, அவங்களைக் கேட்டீங்களா? இது சின்னப் பிள்ளைங்களுக்குப் பழக்கினது. பழைய வீடியோவை வெச்சு இன்னிக்கு அவங்களைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது" என்று கடிந்துகொண்டு அழிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன், ஆனால் பார்த்ததை அழிக்க முடியவில்லை. எல்லோரும் கைதட்டிப் பாடுகிறார்கள், நீ மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். "திமிரைப் பாரு" என்று ஒரு குரல், என் குரல்தான். நீ ஒரு கையை எடுத்து என் துணி நுனியைப் பிடிக்கிறாய், நான் உதறிவிட்டுப் போகிறேன். சிவப்புக் குறி சரியோ தப்போ, நீ பயந்துபோயிருந்தாய், அது பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

முந்தாநாள், டப்பா மூடியைச் சுற்றின அந்தக் குழந்தையை டாக்டரிடம் காட்ட அதன் அம்மா வந்திருந்தாள். வராந்தாவில் கூட்டம், குழந்தை வீறிட்டது, அவள் கையை ஓங்கினாள். நான் போய், "அடிக்காதம்மா, இங்க சத்தம் தாங்கல அதுக்கு. வெளியில கூட்டிட்டுப் போ, உன் முறை வந்தா நான் வந்து கூப்பிடறேன்" என்றேன். நான் கூப்பிட்டு அவர்கள் திரும்பி வரும்போது குழந்தை அமைதியாக இருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று விழுங்கிவிட்டேன்.

உன் பிறந்த நாள் வீடியோவைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், வைத்துக்கொள்வதும் தூக்கிப் போடுவதும் உன் இஷ்டம். பல்வலிக்கு மாத்திரை போட்டே தள்ளாதே, போய்க் காட்டு. உன் மனம் போல எல்லாம் உனக்கு அமையட்டும். கோபமாக எழுதுவதானாலும் எழுது, முழுக்கப் படிப்பேன்.

உன்னைக் கிள்ளின,
அம்மா