ஸ்டெல்லாவின் மகனுக்காக நான் ஜெபித்தது

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை மதியத்தோடு முடிந்தது.

மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம். பதினோரு பேர். சாயா, நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரி. வழக்கம்போல நான்தான் நடத்தினேன்.

ஸ்டெல்லாவின் மகன் ஜோசுவாவுக்காக ஜெபித்தேன். கல்ஃபில் வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். இருப்பது போதை மறுவாழ்வு மையத்தில். போன வாரம் கிடங்கில் பக்கத்தில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கும்போது என்னிடம் சொன்னாள். "வேற யாருக்கும் தெரியாது, மெர்சிக்கா." அதை நான் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "போதையின் கட்டிலிருந்து எங்கள் ஜோசுவாவை விடுவியும் ஆண்டவரே" என்று...

யாரோ "ஐயோ" என்றார்கள். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் ஸ்டெல்லா இருந்த இடம் காலி. வாசலில் செருப்பும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

ஸ்டெல்லா கிடங்கில் இடம் மாறிவிட்டாள். கடைசி வரிசை. மலையாளி மேஸ்திரி சேட்டன் சிரித்தார். "எந்தா, ரெண்டு பேரும் பிணக்கமா?"

காய்கறிக் கடையில், கூட்டத்துக்கு வந்திருந்த ரோஸம்மா: "பாவம்ல அந்தப் பையன்? எந்த ஊர்ல வச்சிருக்காங்க?" தெரியாது என்றேன். தெரியும்.

வாய் தவறி வந்ததாக நேற்று ராத்திரி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தப் பெயரைச் சொன்னதும் அறை அடங்கியது. எல்லோரும் என் குரலையே கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. "ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுங்கள்" என்றார் போதகர். ஸ்டெல்லா இரண்டு வரிசை முன்னால். போய்க் கை நீட்டினேன். கையைப் பார்த்தாள். திரும்பிப் பக்கத்திலிருந்த சின்னக் குழந்தையின் கையைப் பிடித்து, "சமாதானம், தங்கம்" என்றாள்.

திருவிருந்தின் அப்பம் வாங்க எழுந்து போகவில்லை; ஸ்டெல்லாவோடு சமாதானம் ஆகாமல் எப்படி? ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். ஆலயத்துக்குள்ளேயே பொய்.

ஜூலை 14, திங்கள்

வேலை முடிந்து கொச்சங்காடியில் ஸ்டெல்லா வீடு. மன்னிப்பு கேட்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றே பேசினாள்.

"தப்பு பண்ணிட்டேன் ஸ்டெல்லா. மன்னிச்சிரு."

"மன்னிச்சேன்னு சொன்னா நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிருவீங்க. நான் எங்கக்கா போவேன்? அடுத்த மாசம் அவன் வாரான். இந்தத் தெருவுல எப்படி நடப்பான்?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"பதினோரு பேர் முன்னாடி சொன்னீங்க. இங்க வந்து தனியா அழுதா ஆச்சா?"

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 16, புதன்

கூட்டம். ஒன்பது பேர். ஸ்டெல்லா வரவில்லை.

"ஆண்டவரே, அடங்காத என் நாவை..." என்று ஆரம்பித்தேன். அழகாக வந்தது. அதுதான் பயமாக இருந்தது. நிறுத்திக் கண்ணைத் திறந்தேன்.

"ஸ்டெல்லா என்னை நம்பிச் சொன்னதை வெளியே சொல்லிட்டேன். ஜெபத்துக்காக இல்ல. நீங்க எல்லாரும் என்னைக் கவனிக்கணும்னு. பையன் வரும்போது யாரும் எதுவும் கேக்காதீங்க."

போதகரின் மனைவி: "விடுங்க சிஸ்டர், நல்ல மனசோடதானே..."

"இல்லம்மா."

ரோஸம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நானும் மூணு பேர்ட்ட சொல்லிட்டேன்." இன்னொருத்தி, "நான் தங்கச்சிக்குப் போன்ல."

பிறகு யாரும் ஜெபிக்கவில்லை. பாடவில்லை. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடக் கூட்டங்களில் இல்லாத அமைதி. அதற்கும் நான்தான் காரணம் என்று ஒரு நொடி மனம் பூரித்தது. சீ.

இனி வேறு யாராவது நடத்தட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

கிடங்கில் சாயா நேரத்தில் ஸ்டெல்லா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரோஸம்மா வந்து சொன்னாங்க."

"ம்."

பாதி டம்ளர் குடித்தாள். "நேத்து அவன் போன்ல..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு மத்தி மீன் நல்லா வந்திருக்காம்."

"ஆமா, வாங்கணும்" என்றேன்.