நிமிர்த்தி வைத்த மானிட்டர்

அக்டோபர் 6, திங்கள்

மழை விட்டபாடில்லை. என் வீட்டுக்காரர் டெனிஸுக்குக் கோயம்புத்தூர் பார்ட்டி சவாரி, பில்லர் ராக்ஸ் சுற்றிக் காட்ட வெள்ளனே டாக்ஸியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அம்மா, என் அத்தை, லாட்ஜுக்கு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் லேப்டாப்பும்.

இன்று ஒரு தப்பு பிடிபட்டது. என் தப்பு.

எங்கள் கம்பெனி மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறது. காலாவதியான மருந்தை பில்லில் ஏற்றவிடாமல் தடுக்கும் பகுதி என்னுடையது. தேதியை ஒப்பிடும் வரியில் ஒரு சமக்குறி இருக்க வேண்டும். இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் இருந்தது. ஆனால் இல்லை. அது இல்லாததால், இன்றோடு காலாவதியாகும் மருந்தைத் தடுக்காமல் விற்க விட்டிருக்கும். சாஃப்ட்வேர் கடைகளுக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மகாதேவி கண்டுபிடித்தாள்.

மகாதேவி எங்கள் டீம் லீட், சென்னையில் இருக்கிறாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ரெஜினா, மூணு மாசத்துல இது நாலாவது. நவம்பர் கடைசி வரைக்கும் பாப்போம். சரியாகலன்னா நீங்க டாக்குமெண்ட் பக்கம் போயிடுங்க. சம்பளம் அதேதான்" என்றாள்.

சம்பளம் அதேதான். யாருக்கு வேண்டும்?

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதி வைக்கிறேன். ஜூன் மாதம் மதுரைக் கண் டாக்டர் சொன்னது: வலது கண்ணின் நடுவில் ஒரு தழும்பு. கண்ணாடி மாற்றினாலும் சரியாகாது. இடது கண் நன்றாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்யலாம், ஆனால் சின்னத் திரையைக் குனிந்து உற்றுப் பார்க்கக்கூடாது.

இது எனக்கும் டெனிஸுக்கும் மட்டும் தெரியும். ஆபீஸில் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் என்னைப் பாவம் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு ஆகாது.

நான் பள்ளி ஆபீசில் ரசீது டைப் அடித்துக்கொண்டிருந்தவள். முப்பத்திரண்டு வயதில் உட்கார்ந்து கோடிங் கற்றுக்கொண்டேன். எழுதியது ஓடும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. அதை விட்டுவிட்டு, அடுத்தவர் எழுதியது எப்படி ஓடுகிறது என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். முடியாது.

நான்கு மாதமாகப் பதினான்கு அங்குல லேப்டாப்பில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு நல்ல மானிட்டர். மற்றது பிறகு.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டு நாளாக மானிட்டரைப் பற்றிப் படிக்கிறேன். இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் ஒன்று கேம் ஆடுகிறார்கள், இல்லையென்றால் கல்யாண வீடியோ எடிட் செய்கிறார்கள். நாள் முழுக்க எழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிற ஜென்மம் ஒன்று உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

டீமில் இருக்கும் ஆனந்தைக் கேட்டேன். இரண்டு மானிட்டராக வாங்குங்கள் என்றான். வலது பக்கம் ஒன்று வைத்து நான் என்ன செய்ய? டெனிஸ் ஹாலில் இருக்கிற டிவியையே லேப்டாப்போடு மாட்டிவிடலாம் என்கிறார். மனுஷனுக்கு நல்ல மனசு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அக்டோபர் 11, சனி

திண்டுக்கல் போய் வந்தேன். முதல் பஸ். வத்தலக்குண்டு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

பென் டிரைவில் நான் எழுதிய கோடிங் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அதே காலாவதிப் பகுதிதான், தப்போடு ஒன்று, திருத்தியது ஒன்று. கூடவே தையல் டேப். எந்தத் திரையில், இரண்டடி தூரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தச் சமக்குறி இருக்கிறதா இல்லையா என்று பார்த்த உடனே சொல்ல முடிகிறதோ, அதுதான் என் மானிட்டர். மற்றபடி யார் என்ன சொன்னாலும் கேட்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு கடைகளில் அருவியும் கிளியும் காட்டினார்கள். இறகு இறகாகத் தெரியுது பாருங்க மேடம் என்றார்கள். கிளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எழுத்தைக் காட்டுங்கள் என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மூன்றாவது கடை ஞானவேல் என்பவருடையது. அவரும் கிளியில்தான் ஆரம்பித்தார். நான் டேப்பை எடுத்து மூக்கிலிருந்து திரைக்கு அளந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எழுத்துப் பாத்து மானிட்டர் வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்க்கா" என்றார்.

ஆறு மானிட்டர் பார்த்தோம். பளபளப்பான திரையில் என் மூஞ்சியும் பின்னால் டியூப்லைட்டும் தெரிந்தன, தள்ளுபடி. இருபத்துநாலு அங்குலத்தில் எழுத்தின் ஓரம் பிசிறு. வளைந்த திரை ஒன்றைப் பெருமையாகக் காட்டினார். நேர்கோட்டை என் வலது கண்ணே வளைத்துத்தான் காட்டுகிறது, அதைக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா? வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு போன் கேமராவில் பார்க்கச் சொல்லியும் கொடுத்தார். சில திரைகளில் கறுப்புப் பட்டை ஓடியது. கண்ணுக்குத் தெரியாமல் விளக்கு அணைந்து எரிகிறது, தலைவலிக்கு அதுதான் காரணம் என்றார். அவற்றையும் ஒதுக்கினேன்.

ஐந்தாவது, இருபத்தேழு அங்குலம், மங்கலான மேல்பூச்சு. தாங்கியை ஏற்றலாம், இறக்கலாம், படுக்கையாக இருப்பதை நெடுக்காகவும் திருப்பலாம். ஞானவேலிடம் இரண்டு ஃபைலையும் மாற்றி மாற்றித் திறக்கச் சொன்னேன். பத்து முறை. பத்து முறையும் சரியாகச் சொன்னேன். கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன், கடைக்குள்ளே.

கடையில் இருந்தது காட்சிக்கு வைத்தது. புதிதை மதுரையிலிருந்து வரவழைத்து வியாழக்கிழமை பஸ்ஸில் போட்டு விடுகிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேஜையைத் துடைத்து வைத்தாயிற்று. அத்தை ஒரு பழைய போர்வையை மடித்துக் கொடுத்தார், பொட்டி வந்தால் இதில் வைக்கலாம் என்று. எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூஞ்சிக்கல்லில் ஜெனரேட்டர் இருக்கிற பேக்கரியில் போய் உட்கார்ந்து வேலை பார்த்தேன். டெனிஸ் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு சவாரிக்குப் போய்விட்டார். பெட்டி மழையில் ஊறிப் போயிருந்ததாம்.

நாலு மணிக்கு வந்தேன். தணல் போட்ட கரிச்சட்டிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து, என் மானிட்டர். லாட்ஜிலிருந்து சீக்கிரம் வந்த அத்தை பிரித்து, துடைத்து, காய வைத்திருக்கிறார். மதியத்திலிருந்து. தொட்டால் வலது பக்கம் சுடுகிறது.

கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தேன். வலது ஓரம் முழுக்க நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாக மங்கல். ஞானவேலுக்கு போன் செய்தேன். சூட்டில் உள்ளே இருக்கிற தாள் சுருங்கியிருக்கும், கம்பெனிக்காரன் மாற்றித் தர மாட்டான்க்கா என்றார்.

ஏன் தொடணும்? யாரு கேட்டா? கேட்டேன், அத்தையிடம் இப்படியேதான் கேட்டேன். டெனிஸ் வந்து நிற்பதுகூடத் தெரியாமல் கத்தினேன். கல்யாணமாகி பதினோரு வருடத்தில் அத்தையிடம் நான் குரல் உயர்த்தியதில்லை.

அத்தை லாட்ஜில் சலவைப் பிரிவில் இருக்கிறவர். மழைக்காலம் முழுக்கப் படுக்கை விரிப்பையும் கம்பளியையும் கரிச்சட்டி வைத்துக் காய வைப்பவர். "நனைஞ்சு வந்தத காய வெக்கிறதுதானம்மா முப்பது வருஷமா எஞ்சோலி" என்றார். சாப்பிடாமல் உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்னொன்று வாங்கலாம் என்கிறார் டெனிஸ். எப்படி வாங்குவது, கையில் இருந்த காசெல்லாம் இதற்கே போய்விட்டது, அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தப் பேச்சே இல்லை.

அத்தை விடிந்ததும் போய்விட்டார். எனக்கு டீ போட்டு மூடி வைத்திருக்கிறார். குடிக்கவே வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு கண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது, சமக்குறி, மகாதேவி வைத்த கெடு, எல்லாம்.

அவருக்கு வந்த கோபம்! மானிட்டருக்காக நான் கத்தியபோது வராத கோபம். "சாமான் வருதுன்னு மட்டும் சொன்னீங்க. கண்ணு இப்பிடி கெடக்கு, அதுக்குத்தான் வருதுன்னு ஒருத்தரும் சொல்லல. தெரிஞ்சிருந்தா கரிச்சட்டிப் பக்கம் கொண்டுபோயிருப்பேனா? ஒன்னையக் கேக்காம பொட்டிய பிரிச்சிருப்பேனா?"

பாவம் என்று பார்ப்பார்களோ என்று பயந்து மறைத்தேன். பாவம் என்று அவர் பார்க்கவே இல்லை. ஏன் மறைத்தாய் என்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

மகாதேவியும் அப்படித்தானே? நாலு தப்பைப் பார்க்கிறாள், காரணம் தெரியாது. தெரியாமல் என்ன முடிவெடுப்பாள்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆபீஸ் லீவு. பக்கத்து வீட்டு அதிரசம் வந்தது.

இந்த மானிட்டரைத் தூக்கிப் போடப் போவதில்லை. வலது ஓரம்தானே மங்கல், மற்ற இடமெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று காலையில் அதன் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் எழுதும் ஜன்னலைச் சுருக்கி இடப்பக்கம் ஒதுக்கிப் பார்த்தேன். அந்த வெள்ளை கண்ணை இழுத்துக்கொண்டே இருந்தது. அதன் மேல் கறுப்புத் தாள் ஒட்டினேன். சகிக்கவில்லை.

பிறகுதான் தாங்கி திரும்பும் என்பது உறைத்தது. வலது ஓரம் கீழே போகும்படி திருப்பி நெடுக்காக நிறுத்தினேன். மங்கல் அடியில் போய்விட்டது. அங்கே மணியும் ஃபைல் பெயரும்தான் வரும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

கோடிங்கைத் திறந்தேன். முன்னால் நாற்பது வரி தெரிந்த இடத்தில் இப்போது எழுபதுக்கு மேல் தெரிகிறது. ஒரு பகுதி தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே பார்வையில். மேலும் கீழும் உருட்டி, விட்ட இடத்தைத் தேடித் தேடித்தான் என் இடது கண் இத்தனை நாள் களைத்திருக்கிறது. ஒரு வரிக்கு நூறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது மகாதேவி போட்ட விதி, அந்த நூறும் அகலத்தில் அடங்குகிறது. திருப்பியதில் எழுத்தின் ஓரம் கொஞ்சம் பிசிறு தட்டியது. அளவை ஒரு புள்ளி கூட்டினேன், சரியாகிவிட்டது.

என் மூக்குக் கண்ணாடியின் வலது பக்கத்தில் மருந்துக் கடைப் பேப்பர் டேப்பை ஒட்டிக்கொண்டேன். அந்தக் கண் வந்து நடுவில் புகுந்து குழப்பாமல் இருந்தது. டெனிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, மானிட்டரும் நிக்குது நீயும் ஒரு தினுசா நிக்குற என்றார். சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அக்டோபர் 22, புதன்

மகாதேவியிடம் சொல்லிவிட்டேன். வீடியோவில், டேப் ஒட்டிய கண்ணாடியோடு.

"இத ஜூன்லயே சொல்லியிருக்கணும் ரெஜினா. நம்ம எழுதுறது மருந்து சம்பந்தப்பட்டது" என்றாள். ஆமாம், தப்புதான் என்றேன். கெடுவைத் தள்ளி வைக்கக் கேட்கவில்லை. அவளும் தள்ளி வைக்கவில்லை. நவம்பர் கடைசி, அதேதான்.

நல்லது. பாவம் பார்த்துக் கொடுத்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

நவம்பர் 5, புதன்

ஒரு பகுதியை எழுதி முடித்ததும் எழுந்து போய், முகம் கழுவி, திரும்பி வந்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு நிபந்தனையையும் வாய்விட்டுப் படிக்கிறேன். ஜெபம் மாதிரி கேக்குது என்கிறார் அத்தை.

இரண்டு வாரத்தில் ஒன்றும் நழுவவில்லை.

நவம்பர் 12, புதன்

இன்று ஒன்று நழுவ இருந்தது. ஒரு கழித்தல் குறி. வாய்விட்டுப் படிக்கும்போது நானே பிடித்தேன். திருத்திவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 19, புதன்

மகாதேவி சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, யாரோ எப்போதோ எழுதிய முந்நூறு வரியை வீடியோவில் ஒரு மணி நேரம் அலசினேன். சோதிக்கிறாள் என்று தெரியும். அவள் குறித்து வைத்திருந்தது நான்கு தப்பு. நான் சொன்னது ஐந்து. ஐந்தாவதை அவள் இரண்டு முறை பார்த்துவிட்டு, சரிதான் என்று மட்டும் சொன்னாள்.

அத்தைக்கு அடை பிடிக்கும். அரிசியும் பருப்பும் ஊறப் போட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

மாதத்தின் கடைசி வேலை நாள். ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். அத்தையும் கூடவே விழித்திருந்தார்.

பத்து மணிக்கு டிசம்பர் வேலைப் பட்டியல் வந்தது. டாக்குமெண்ட் என்ற தலைப்பின் கீழே முதலில் தேடினேன். அங்கே என் பெயர் இல்லை. மேலே போனேன். என் பெயருக்கு எதிரே புதுப் பகுதி ஒன்று: குழந்தையின் எடையைப் போட்டால் எத்தனை மில்லி மருந்து என்று காட்டுவது. மகாதேவி இதுவரை தன் கையைவிட்டுக் கொடுக்காத வேலை.

போன் செய்தேன். "பேர் மாறி விழுந்துடுச்சா?"

"இல்ல."

"எங்கண்ணப் பத்தித் தெரிஞ்சும் இதக் குடுக்குறீங்களா?"

"தெரிஞ்சதாலதான் ரெஜினா" என்றாள். "நீங்க எப்படிப் படிக்கிறீங்கன்னு ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன். இங்க வேற யாரும் அப்படிப் படிக்கிறதில்ல."

அத்தை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். பட்டியலைக் காட்டினேன். அவருக்குப் படிக்க வராது, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கண்ணாடியைத் துடைத்து, புது டேப் ஒட்டி, முதல் வரியை எழுத உட்கார்ந்தேன்.