பதினாறு வழிகளும் எண்பது பெட்டிகளும்

மார்ச் 4, திங்கள். கரகண்டா

எங்கள் மேலதிகாரி செரிக்போல் அகா என் வரைவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். விலை உயர்ந்த இரண்டு ராட்சதப் பெட்டிகளுக்குப் பதில், மலிவான சின்ன இணைப்புப் பெட்டிகள் எண்பது, மூன்று அடுக்காக. தூரத்து சர்வர்கள் இரண்டுக்கு நடுவே பதினாறு வழிகள். தரவு பெருகினால் பெட்டிகளைக் கூட்டிக்கொள்ளலாம். மாவட்ட ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ் அழைப்பு எல்லாம் இதில்தான் ஓடப்போகிறது.

"மெருயெர்ட், பொம்மைக் கடைச் சாமானா இருக்கு. ஓடும்ல?"

"ஓடும் அகா."



மார்ச் 9

ரௌஷானும் அவள் ஆட்களும் கேபிள் இழுக்கிறார்கள். முந்நூற்று எண்பத்து நாலு. "தட்டுல லக்மான் நூடுல்ஸக் கொட்டினாப்ல இருக்கு. உன் மண்டைக்குள்ள எப்பவும் இப்படித்தானா?" என்கிறாள். சிரித்தேன்.

மார்ச் 13

நாளைக்குச் சோதனை.

மார்ச் 14

பாதிச் சுமையிலேயே திணறிவிட்டது. ஒரு எக்ஸ்ரே படம் வந்துசேர ஆறு நிமிஷம்.

அகா நேரே ரௌஷானிடம் போனார். "மாத்திச் சொருகித் தொலைச்சிருக்க. ஆளுங்களக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

"ஒண்ணுகூட மாறல. வேணும்னா எண்ணிப் பாருங்க அகா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். கேபிளாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன்.

மார்ச் 15, வெள்ளி

எண்ணினேன். ஒன்றுகூட மாறவில்லை.

பதினாறு வழியில் நான்கு மட்டும் கழுத்துவரை நிரம்பியிருக்கின்றன. பன்னிரண்டு காலி. எந்த வழியில் அனுப்புவது என்று ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணக்குப் போடும். எல்லா அடுக்குக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து வைத்திருக்கிறேன். கீழ் அடுக்கு நான்காகப் பிரித்து அனுப்புவதை நடு அடுக்கு மறுபடி நான்காகப் பிரிக்க வேண்டும்; கணக்கு ஒன்றே என்பதால் பிரிக்காமல் ஒரே வழியில் தள்ளுகிறது. பிறகு எப்படிப் பரவும்?

தப்பு என் கையால்தான். சரிசெய்யப் பத்து நிமிஷ வேலை. சத்தமில்லாம மாத்திட்டா யாருக்குத் தெரியும்?

மார்ச் 17

இன்னும் சொல்லல. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 18, திங்கள்

சொல்லிவிட்டேன். அகா பேனாவைக் கீழே வைத்தார். "சரி பண்ணு. இனிமே பொறுப்பு உன்கிட்ட இல்ல" என்றார்.

ரௌஷான் போனை எடுக்கவில்லை. வீட்டுக்கே போனேன். கதவைப் பாதி திறந்தாள்.

"தப்பு என்னோடது."

"என்னோடது இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்குத் திங்கள்."

கதவைச் சாத்தினாள். ஓங்கிக்கூட இல்லை.

மார்ச் 27

முழுச் சுமை. பதினாறு வழியிலும் சமமாக ஓடியது. கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 8

இரண்டாவது சர்வர் கூடம். பொறுப்பு வேறொருவரிடம்; வரைவு மட்டும் என்னுடையது. ரௌஷான் வந்திருக்கிறாள் — அகாவே போய்க் கூப்பிட்டாராம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: கேபிளைத் தொடுவதற்கு முன்னால் என் வரைவை அவள் படிக்க வேண்டும்.

மத்தியானம் எதிரே வந்து உட்கார்ந்தாள். வணக்கம்கூட இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது ஏன் இப்படி?"

சொன்னேன்.

"புரியல. மறுபடி சொல்லு."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.