ஷெட்டுக்கு ஒரே பின்

9 ஜூன் 2008, திங்கள்

மாதேஸ்வரி இன்று என் கடையில் கரண்டு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு போனாள். ஓசூர் சிப்காட்டில் கியர் கம்பெனி வேலை, லைன் வீட்டில் குடியிருப்பு. "வீட்டுக்காரம்மா செல்போன் சார்ஜ் போட்டாலே மொறைக்குதுண்ணா, வண்டிக்கு எங்க பிளக்கு குடுக்கும்?" என்றாள். அவள் கம்பெனி சைக்கிள் ஷெட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ள, அட்மின் அசோக்குமாரிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருக்கிறேன். அதை நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். ஷெட் போனால் கடையும் போச்சு.

10 ஜூன்

பகல் முழுக்க கரண்டு கட். இருட்டுக் கடையில் உட்கார்ந்து கரண்டு வண்டி விற்கிறேன். எதிர்க்கடைக்காரனுக்கு ஒரே சிரிப்பு.

12 ஜூன், வியாழன்

ஷெட்டில் புகை! ஓடினேன். மாதேஸ்வரி தன் சார்ஜரை வீட்டிலேயே மறந்துவிட்டு, முந்தின ஷிப்ட் ஆள் சுவரில் மாட்டியிருந்ததை எடுத்துச் சொருகியிருக்கிறாள். "டிபன், குடை, நோக்கியா சார்ஜர் எல்லாம் மாத்தி மாத்தித்தான்ணா வெச்சுக்குவோம். இதுலயும் அதே பின்னுதானே?"

அதே பின்தான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் மாட்டுவது மாதிரி. ஆனால் நான் விற்பது இரண்டு கம்பெனி வண்டி. ஒருவனுக்கு பிளஸ் இடது பக்கம், இன்னொருவனுக்கு வலது பக்கம். பார்த்தால் தெரியாது. சொருகினால்தான் தெரியும்! சார்ஜர் செத்தது, வண்டியில் பியூஸ் போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரை சரி.

மாம்பழ மண்டியில் இந்தத் தொல்லையே கிடையாது. செந்தூரா ரகத்துக் கூடையில் பெங்களூரா ரகம் பேசாமல் உட்காரும்.

13 ஜூன்

அசோக்குமார் போன். "புகை வந்தா பயர் ஆடிட்ல என் கழுத்தைத்தாங்க புடிப்பாங்க. திங்கக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் ஷெட்ல பிளக்கு பாயிண்டைக் கழட்டிடுவேன்."

இரண்டு வண்டிக் கம்பெனிக்கும் போன் போட்டேன். எங்கள் பின் சரி, அவர்களை மாற்றச் சொல்லுங்கள் என்றான் முதல் கம்பெனிக்காரன். இரண்டாமவனும் அதையே சொன்னான். அப்போ நான்தான் தப்பா?

சிவப்பு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று மெக்கானிக் முனிவேலைக் கேட்டேன். "அண்ணா, ஷிப்டுக்கு ஓடி வர்றவன் மணியைப் பாப்பானா, கலரைப் பாப்பானா?"

14 ஜூன், சனி

சூளகிரியில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். சாப்பாட்டில் மனசில்லை. மைக் செட் ராமப்பன் வயர் மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முள். திருப்பி வைத்தால் உள்ளேயே போகாது. சரியாக வைத்தால் 'டக்'. எழுந்துவிட்டேன். என் மனைவி நாராயணம்மா கையைப் பிடித்தாள். "பாயசம் வருது, எங்க போறீங்க?" பாயசமா முக்கியம்?

இரண்டு கம்பெனி வண்டியும் 48 வோல்ட், ஒரே மாதிரி பேட்டரி. மாறுவது பின் மட்டும். மூன்று ஆம்பியரை இந்த மைக் பின் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும் என்றான் முனிவேல் போனில். ராமப்பன் கையிருப்பு மொத்தத்தையும் வாங்கிவிட்டேன். "நாளைக்கு நான் என்னத்த வெச்சு செட் கட்டுறது?" என்று கத்தினார்.

15 ஜூன்

லீவு நாள். எல்லா வண்டியையும் கடைக்கு வரச் சொன்னேன், பிரியாணி என் செலவு. பழைய பின்னை வெட்டி, வண்டிக்கும் சார்ஜருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மைக் பின். ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் விட்டான் முனிவேல். வெட்டினால் வாரண்டி கிடையாது என்று வண்டிக் கம்பெனிக்காரன் போனில் மிரட்டினான். "போய்யா, வாரண்டி நான் குடுக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

16 ஜூன்

அசோக்குமார் லேசுப்பட்டவர் இல்லை. இந்த வண்டியின் சார்ஜரை எடுத்து அந்த வண்டியில் போடச் சொன்னார். எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். மாதேஸ்வரி மட்டும், "சார், என் வண்டியில போடுங்க. அதுக்குப் பொகையெல்லாம் பழக்கந்தான்" என்றாள். டக். சார்ஜ் ஏறுகிற சிவப்பு லைட்டு. சிரிப்பு.

பிளக் பாயிண்டைக் கழற்றவில்லை.

2 ஆகஸ்ட்

கிருஷ்ணகிரியில் வாங்கிய 60 வோல்ட் வண்டியோடு ஒருவர் வந்து மைக் பின் கேட்டார். முடியவே முடியாது என்றேன். அந்த சார்ஜரை நம் 48-ல் எவனாவது சொருகினால் மறுபடி புகைதான். கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வியாபாரம் போனது, பரவாயில்லை.

6 செப்டம்பர்

பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் ஒரு மூட்டை மைக் பின் எடுத்தேன். அசோக்குமார் இரண்டாவது ஷெட் போடுகிறார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் ஸ்வாமி, ஓசூரல்லி இஷ்டொந்து மதுவேனா?" ஓசூரில் இத்தனை கல்யாணமா என்று கன்னடத்தில் கேட்கிறார்.

இல்லை, எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறார்கள் என்றேன்.