பாட்டு எழுதுகிறவளின் மாமியார்

என் பெரியவனுக்கு அம்மாவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் வலி மருந்துக்குக் கொஞ்சம் மசிந்திருக்கிறது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் மனைவியைப் பற்றித்தான்.

பல்பொடி விளம்பரத்துக்கு நாலு வரி எழுதி ஆரம்பித்தவள் அவள். அப்புறம் அந்த இசையமைப்பாளருக்கு எழுதிய இரண்டு பாட்டும் எங்கே பார்த்தாலும் ஒலித்தன. ஆனால் எழுதியவர் என்று அவர் தன் பெயரைத்தான் போட்டுக்கொண்டார். மூன்றாவது பாட்டுக்காவது என் பெயரைப் போடுங்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். “உன் பேரை யாரும்மா தேடப்போறாங்க?” என்று சிரித்தாராம். மேஜையில் இருந்த பாட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நீயும் அப்போது பார்த்துத்தான் அவளை அங்கே வரச்சொல்லி, பாட்டா, நானா என்று கேட்டாய். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உதட்டுக்குள் வரி கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம், டிவியில் வருவாளே கட்டைமுடிப் பாடகி, அவளே மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றாள். ஸ்டூடியோவில் இவள் அந்த மூன்றாவது பாட்டைப் பாடிக் காட்டியபோது காதில் விழுந்த இரண்டு வரி மனசை விட்டுப் போகவில்லையாம். நம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, “பஸ்ஸு போனா போகட்டும், நான் நடந்தே வர்றேன்” என்று பாடிப் பார்த்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வேறு இசைக்காரரை வைத்து அவளே பாட்டை வெளியிட்டாள். எடுத்த எடுப்பிலேயே உன் மனைவி பெயர்தான் வருகிறது.

போன சனிக்கிழமை பெரிய அரங்கத்தில் கச்சேரி. எனக்கு முன்வரிசை. இந்தப் பாட்டு வந்ததும் பாடகி பாதியில் நிறுத்தி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். அத்தனை ஜனமும் ஒரு சொல் பிசகாமல் பாடியது. திரையில் இவள் பெயர் என் உயரத்துக்கு இருந்தது. மேடைக்குக் கூப்பிட்டபோது செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பக்கத்து இருக்கை அம்மாள், “உங்க பொண்ணாங்க?” என்றாள். “மருமக. எங்க வீட்லதான் உக்காந்து எழுதுனா” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இப்போது முழு ஆல்பம் எழுதக் கேட்டிருக்கிறார்கள். சரி என்றுவிட்டாள். ஆகவே அவள் அங்கே வரமாட்டாள். உன்னை வா என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள், அழுத்தக்காரி. நீ போன் பண்ணும் நேரம் வந்தால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள்.

அதனால் நான் கூப்பிடுகிறேன். லீவு போட்டு வா. உட்கார்ந்து பேசித் தீர்க்க ஒன்றுமில்லை. அவள் எழுதும்போது பக்கத்து அறையில் சும்மா இரு, அது போதும்.

இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
அம்மா.