கோல்ஃப் மைதானமும் தோப்புக் கிணறும்

துபாய்
6 ஜனவரி 2024

அன்பு ஜுனைதாவுக்கு,

ஸலாம். வெள்ளிக்கிழமை போன் போட்டால் வீடே கூடி நிற்கிறது. உன் முறை வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. அதனால் ஊருக்கு வரும் காஜா நவாஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ மட்டும் படி.

திருப்புல்லாணிப் பக்கம் நம் தோப்பை ஒட்டிய கடலோர நிலத்தில் எங்கள் முதலாளி கோல்ஃப் மைதானம் போடப் போகிறார். நான் ஊர்க்காரன், இருபத்தோரு வருஷம் புல் வளர்த்தவன் என்பதால், எந்த மாதிரி போடலாம் என்று மாத முடிவுக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மாதிரி உண்டு. வழக்கமானது, நான் இங்கே பார்க்கிறது: மரம், குளம், வெட்டிவிட்ட பச்சைப் புல். தினமும் ஓர் ஊருணித் தண்ணீர் குடிக்கும். புல்லைப் பார்க்க ஆயுசுக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இன்னொன்று லிங்க்ஸ்: மணல்மேட்டை மேடும் பள்ளமுமாய் அப்படியே விட்டு, தானாய் முளைக்கும் புல்லில் ஆடுவது. முக்கால் வேலையைக் கடல்காற்றே பார்த்துவிடும். எனக்கு அங்கே வேலை இல்லை.

எதை எழுதுவேன் என்று உனக்கே தெரியும். தண்ணீருக்கு என்ன குறை? தோப்புக் கிணறு கல்கண்டாய் ஊறுகிறது என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாயே. பிரிந்திருந்தது போதும், புள்ள.

உன்,
சலாஹுதீன்

கீழக்கரை
19 ஜனவரி 2024

அன்பு மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நம் மகள் ஹுமைராவும் நானும் சுகம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீங்கள் வாசல் கதவைத் திறந்து வருவதுபோலவே இருந்தது. பிறகு அழுதேன்.

கிணறு உப்பாகி எட்டு வருஷம் ஆகிறது, மச்சான். குளிக்கத்தான் ஆகும். அதிலும் சோப்பு நுரைக்காது. "கடல் தாண்டிப் போன சபுராளிக்குக் கவலைய எழுதக் கூடாது, அங்கன ஒத்தையில கெடந்து மாஞ்சு போவான்" என்று மாமி சொல்லித்தான் நான் இந்த வீட்டில் கடிதம் எழுதவே ஆரம்பித்தேன். இந்தத் தெருவில் யார்தான் கவலையை எழுதினார்கள்? நானும் எழுதவில்லை.

இப்போது நல்ல தண்ணீர் என்றால் மைதானம் வரப்போகிற அந்த மணல்மேட்டடி ஊற்று ஒன்றுதான். மழைத் தண்ணீர் மணலில் தங்குகிறது. ரம்ஜான் பீவி லாத்தாவும் மற்ற ஊர்ப் பெண்களும் விடிந்ததும் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். உங்கள் புல் அதைக் குடித்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

உங்கள் கடிதத்தைப் பதில் எழுதாமல் இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இன்னும் பத்து நாள் வைத்திருந்தால் நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்திருப்பீர்கள். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஊற்றைத் தாண்டித்தானே தினமும் தோப்புக்குப் போக வேண்டும்.

லிங்க்ஸ் என்று எழுதுங்கள்.

உங்கள்,
ஜுனைதா

துபாய்
4 பிப்ரவரி 2024

அன்பு ஜுனைதாவுக்கு,

ஸலாம். போன வெள்ளி நான் போன் செய்யவில்லை. கோபம்தான். எட்டு வருஷமாய் இங்கே ஒவ்வொருத்தனிடமும் என் கிணற்றைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மறுநாள் கோபம் என் மேல் திரும்பிவிட்டது. எட்டு வருஷத்தில் ஆறு தடவை லீவில் வந்தேன். விருந்தாளி மாதிரி கேன் தண்ணீரைக் குடித்து, ஹீட்டரில் குளித்துவிட்டு, தோப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினேன்.

லிங்க்ஸ் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலாளிக்கும் சம்மதம். அந்த வேலை தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து அழைக்கிறார். என்னை இங்கேயே இருக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். நானும் உனக்கு ஒன்று எழுதவில்லை: இரண்டு வருஷமாய் வலது முட்டி மடங்குவதில்லை. போட்டோவில் எல்லாம் நின்றுகொண்டே இருப்பது அதனால்தான்.

வேலை எதுவும் இல்லாமல் வாரேன். மார்ச் பத்தாம் தேதி டிக்கெட். வந்ததும் முதல் குளியல் தோப்புக் கிணற்றில்தான். நீ பக்கத்தில் நில். சோப்பு நுரைக்காவிட்டால் திட்டுவதற்கு எனக்கு ஆள் வேண்டும்.

உன்,
சலாஹுதீன்