பேழையில் ஏறிய இரண்டு டைனோசர்கள்

அம்மா,

நேற்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைக் கமிட்டியில் இருக்கிற உரக்கடை அண்ணாச்சி உன் பச்சை ஃபைலை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாடாவை அவிழ்த்தேன். அந்துருண்டை வாசனை. உன் பீரோ வாசனை, உன் ஞாயிற்றுக்கிழமைப் புடவையின் வாசனை. அப்படியே மூடி வைத்துவிட்டு, அப்பா சாப்பிடக் கூப்பிடும் வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

நீ போன பிறகு ஞாயிறு பள்ளியை எடுத்த சபை அக்கா கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். வருகிற ஞாயிறு முதல் நான்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டுமாம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய காரியமா என்கிறார் அண்ணாச்சி. முதல் பாடம் என்ன தெரியுமா? பேழை. வெள்ளத்துக்கு முன்னால் எல்லா மிருகத்திலும் இரண்டிரண்டாக நோவா ஏற்றிக்கொண்ட அதே பேழை.

ராத்திரி சாப்பிட்ட பிறகு மறுபடியும் ஃபைலைத் திறந்தேன். பலகையில் போர்த்துகிற நீல ஃபிளானல் துணி மடிப்புக் குலையாமல் இருந்தது. நோவா, அவர் மனைவி, யானை இரண்டு, ஒட்டகம் இரண்டு, ஒற்றைக் காது கிழிந்த முயல். துணியில் பற்றிக்கொண்டு நிற்பதற்காக ஒவ்வொன்றின் முதுகிலும் நீ ஒட்டிய உப்புத்தாள் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பழைய கவருக்குள், அவை இரண்டும் இருந்தன. அடுப்பில் போட்டுவிட்டேன் என்று நீ சொன்ன டைனோசர்கள்.

அவற்றை உண்டாக்கியது நான்தானே. எட்டாம் வகுப்பில் இருந்தேன். அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் டைனோசர்தான். பபிள்கம் வாங்கினால் டைனோசர் ஸ்டிக்கர், நோட்டு அட்டையில் டைனோசர். நான் கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவை அழிந்துவிட்டன என்று படித்து, ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு சனிக்கிழமை நீ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். டைனோசரையும் ஆண்டவர்தான் படைத்தாரா என்று கேட்டேன். அவர் படைக்காமல் எது வந்தது என்றாய். அப்படியானால் பேழையில் ஏற்றினாரா என்றேன். உன் கை நின்றது.

"ஏட்டி, எல்லா மிருகமும்னா எல்லாந்தான. இத மட்டும் வெளிய நிப்பாட்ட நீ யாரு, நான் யாரு?"

அன்று சாயங்காலமே கல்யாணப் பத்திரிகை அட்டையில் நான் வரைய, நீ வெட்டினாய். நீளக் கழுத்து, குட்டித் தலை. ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குப் பழுப்பு. பேழையின் கதவை விட அவை பெரிதாக இருந்தன. தலையைக் குனிந்துகொண்டு போகும் என்றாய்.

மறுநாள் அவற்றைப் பலகையில் ஒட்டியதும் பிள்ளைகள் போட்ட சத்தம் பெரியவர்களின் ஆராதனை வரைக்கும் கேட்டதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் முன் வரிசையிலிருந்து பெனிட்டா எழுந்து நின்றாள். ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

"ஏறுனதுன்னா, இப்ப எங்கன இருக்கு டீச்சர்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் புத்தகம் படித்தவள். எங்கேயும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நீ எப்படிச் சமாளிக்கிறாய் பார்ப்போம் என்று சும்மா நின்றேன். அந்தச் சும்மா நின்றதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மா.

எங்கேயாவது இருக்கும், ஆண்டவருக்குத் தெரியும் என்றாய். பெனிட்டா விடவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அவள் மொட்டை மாடியில் அப்பா தோளில் இருந்தவள். கறுப்பாக, நீளமாக ஒன்று கழுத்தைத் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் போனதைப் பார்த்திருக்கிறாள். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த மருதமரம் என்று எல்லாரும் சொன்னதை அவள் நம்பவே இல்லை. "அப்ப அன்னைக்குப் போச்சே, அது இதுதான?" என்று கேட்டாள். நீ வாயைத் திறப்பதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள்.

அந்த வாரம் பெனிட்டா ஆற்றில் இறங்கவில்லை. அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் படித்துறையில் நின்று அழுதார்கள். துணி மூட்டையோடு போன அம்மாமார் எல்லாரும் உன் பேரைத்தான் சொன்னார்கள். புதன்கிழமை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். தோத்திரம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அது செத்துப் போச்சின்னு சொன்னா, பின்ன எதுக்குப் பேழையில ஏத்துனியன்னு புள்ளைய கேக்கும். உயிரோட இருக்குன்னு சொன்னா, ஒண்ணும் குளிக்காது. எம் பேரன் நாலு நாளாக் குளிக்கல. பக்கத்துல உக்கார முடியல. நீங்க ரெண்டுக்கும் நடுவுல நிக்கியளே."

நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் வகுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லி கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது என்று பைய சொன்னார். உனக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே வசனத்தைச் சொல்லிப் பார்ப்பாய். சனிக்கிழமை புடவையைத் தேய்த்து வைப்பாய். அதை என் கேள்வி பறித்துவிடப் போகிறது என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவர் போன பிறகு என்னிடம் கேட்டாய். "நீ படிச்சிருக்க. நெசமாவே ஒண்ணு கூட இல்லியாட்டி?"

இல்லம்மா என்றேன்.

"எல்லா எடத்தையும் யாரு போயிப் பாத்தா?" என்றாய். வாதத்துக்காகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அழிந்தே போனது என்று எல்லாரும் எழுதி வைத்த ஒரு மீன், பிறகு கடலில் உயிரோடு வலையில் விழுந்திருக்கிறது என்று அதே புத்தகத்தில் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பிடித்துக்கொள்வாய் என்று பயம்.

மறுநாள் விடிந்ததும் பெனிட்டாவை அவள் வீட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தாய். துண்டைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் வந்தேன். அவள் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். புடவைத் தலைப்பை நீ இடுப்பில் செருகினாய்.

"டீச்சர் முன்னால போறேன். அது இருந்தா மொதல்ல என்னயத்தான் புடிக்கும். நீ ஓடிப்போயி அப்பாவக் கூப்பிடு, என்னா?"

"அப்பா மில்லுக்குப் போயிட்டாவ" என்றாள் அவள்.

"அப்ப அண்ணாச்சியக் கூப்பிடு. குளிக்காத பேரனையும் கூட்டிக்கிட்டு வரட்டும். அந்த நாத்தத்துக்கே அது ஓடிரும்."

அவள் சிரித்துவிட்டாள். நீ இறங்கினாய். நீச்சல் தெரியாதவள் கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்று அவளைப் பார்த்துக் கையை நீட்டினாய். அவள் ஒவ்வொரு படியாக வந்தாள். சனிக்கிழமைக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஆற்றில் கிடந்தார்கள். கமிட்டிக்காரர்கள் பேச்சை விட்டுவிட்டார்கள். படங்களை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டாய்.

ஆனால் அந்த முதல் நாள் நான் கரையில் பக்கவாட்டில் நின்றிருந்தேன். பெனிட்டாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு படியையும் நீ காலால் தடவித் தடவி வைத்தாய். உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் கெண்டை மீனோ எதுவோ காலில் பட்டிருக்க வேண்டும். உன் முகம் வெளிறிப்போய், அப்படியே ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாய். அன்றுதான் எனக்குப் புரிந்தது. நீ வாதத்துக்காகச் சொல்லவில்லை. அது இருக்கும் என்று நிஜமாகவே நம்பினாய். நம்பிக்கொண்டே முன்னால் போனாய்.

இதை உன்னிடம் ஒரு நாள் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். போன ஐப்பசியில் காமாலை வந்து பன்னிரண்டே நாளில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம்.

கவரிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். யானைக்கும் ஒட்டகத்துக்கும் தேய்ந்துபோன உப்புத்தாள் இவை இரண்டுக்கும் மட்டும், பழையதைக் கிழித்த தடத்தின் மேல், புதிதாக ஒட்டியிருந்தது. சொரசொரவென்று விரலைப் பிடித்தது. எப்போது ஒட்டினாய், அம்மா? எந்த ஞாயிற்றுக்காக?

பெனிட்டாவுக்கு இப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில்தான் உட்காருவாள். படத்தை ஒட்டினால் கேட்பாள். ஒட்டாவிட்டால், எங்கே அது என்று கேட்பாள். எனக்குத் தெரிந்ததை மறைக்க முடியாது. உன்னைப் பொய் சொன்னவளாக ஆக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். அண்ணாச்சி மறுபடியும் காப்பியோடு உட்காருவார்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு நேரே படித்துறைக்குப் போனேன். யாரும் இல்லை. பையைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறரைக் கோடி ஆண்டு. மூன்றாவது படியில் பாசி வழுக்கியது. அதற்குக் கீழே படி கண்ணுக்குத் தெரியவில்லை. உன்னைப் போலவே தடவித் தடவித்தான் வைத்தேன். உதடு தானாக அசைந்தது. என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

படங்களை ஒட்டப் போகிறேன், அம்மா. இப்போது எங்கன இருக்கு என்று கேட்டால், நான் படித்தவரைக்கும் எங்கேயும் இல்லை, ஆனால் இந்த டீச்சர் எல்லா இடத்தையும் போய்ப் பார்க்கவில்லை என்று சொல்வேன். அதற்கும் யாராவது பயந்து அழுதால், கையைப் பிடித்துப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். நான் முன்னால் இறங்குவேன்.